துணையும் எல்லையும்

துன்புற்றாருக்குத் துணை நிற்பது மிகப் பழைய அறம். இழவு வீட்டிலே அடுப்பு மூட்டாத நாளில் அயலவர் சமைத்து அனுப்புவதும், நோயாளியின் பக்கத்திலே உறவினர் முறைவைத்து விழித்திருப்பதும், விளைச்சல் பொய்த்த ஆண்டிலே ஒரு வீட்டு நெல் மறு வீட்டுக்குப் போவதும் எவரும் வகுப்பு நடத்திக் கற்பித்தவை அல்ல. அத்தகைய உதவியிலே கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவும் நிலைத்திருப்பதில்லை. இன்று கொடுத்த கை நாளை ஏந்தும். ஆதலால் இருவருக்கும் இடையே எல்லை வகுக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை.

உதவுதல் ஒருவருடைய பொறுப்பாகவோ தொழிலாகவோ மாறும்போது நிலைமை வேறாகின்றது. முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வருமானம் எவ்வளவு என்று கேட்கிறார். கணவன் குடிக்கிறானா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, இரவிலே உறக்கம் வருகிறதா என்று வினவுகிறார். கேட்பவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மறுமொழி சொல்பவரோ தம் வாழ்வு முழுவதையும் திறந்து வைத்துவிடுகிறார். இத்தகைய உறவிலே எவ்வளவு தூரம் நெருங்கலாம், எங்கே நிற்க வேண்டும், அந்த எல்லைக் கோட்டை யாருடைய நன்மைக்காக வரைய வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அக்கோடு முதலிலே கொடுப்பவரின் பணப்பையைக் காக்க வரையப்பட்டது. பின்னர் கற்றறிந்தவரின் அதிகாரத்தைக் காத்தது. நெடுங்காலம் கழிந்த பின்னரே துணை நாடி வந்தவரின் உரிமையைக் காக்கத் தொடங்கியது. அவ்வரலாற்றின் சுருக்கம் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, வறுமையும் அவற்றோடு வளர்ந்தது. 1834 இல் இயற்றப்பட்ட ஏழைகள் சட்டம், உதவி வேண்டுவோர் அதற்கென அமைந்த வேலை இல்லங்களுக்குள்ளே புகவேண்டும் என்றும், அங்குள்ள வாழ்க்கை வெளியே உழைத்து வாழும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்க்கையிலும் தாழ்ந்ததாக இருக்கவேண்டும் என்றும் கருதியது. அரசாங்கத்தின் கை இவ்வாறு கடுமையாக இருந்த காலத்திலே, ஏழைகளின் வாசலுக்கே சென்று பழகவேண்டும் என்று எண்ணிய சிலர் தோன்றினர். அவர்களுள் முதன்மையானவர் ஒக்டேவியா ஹில் என்னும் பெண்மணி.

1865 இல் அறிஞர் ஜோன் ரஸ்கின் கொடுத்த பணத்தைக் கொண்டு, இலண்டன் மேரிலபோன் பகுதியிலே சீர்கெட்டுக் கிடந்த மூன்று வீடுகளின் நிர்வாகத்தை ஒக்டேவியா ஹில் ஏற்றார். முதலுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் வருவாய் கிடைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவரும், பின்னர் அவரிடம் பயிற்சி பெற்ற பெண்களும், வாரந்தோறும் குடியிருப்போரிடம் சென்று வாடகை வாங்கினர். கூரையைப் பழுதுபார்ப்பது, வேலை தேடித் தருவது, பிள்ளைகளுக்கு விளையாட இடம் அமைப்பது ஆகியவற்றையும் அவர்களே கவனித்தனர். குடியிருப்போர் தம் கடமையைத் தவறாது செய்யவேண்டும்; தாமும் அவர்களிடம் நீதியோடும் பொறுமையோடும் நடக்கவேண்டும். இவ்விரண்டுமே ஹில் அம்மையாரின் கொள்கை. தம் சொந்த நண்பர்களுக்கு அவமதிப்பின்றி எத்தகைய உதவியைச் செய்யலாமோ, அத்தகையதையே ஏழைக்கும் செய்யவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இது உயர்ந்த நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரே பெண்மணியின் ஒரு கையிலே வாடகைப் புத்தகமும் மறு கையிலே நட்பும் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது. வாடகை கொடாதவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தன்னை நாளை வெளியேற்றக்கூடிய ஒருவரிடம் ஒரு தாய் தன் குடும்பத் துயரத்தை எவ்வளவு மனந்திறந்து சொல்ல முடியும்? அவள் சிரித்த முகத்தோடு வரவேற்றது நன்றியினாலா, அச்சத்தினாலா? பிற்காலத்தார் இரட்டை உறவு என்று பெயரிட்டுக் கவலையோடு ஆராய்ந்த சிக்கல் இங்கேயே கருக்கொண்டுவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1869 இல், இலண்டனிலே தர்ம ஒழுங்கமைப்புச் சங்கம் தோன்றியது. கண்டபடி காசு கொடுப்பதால் பிச்சை பெருகுகிறது என்பது அச்சங்கத்தாரின் கருத்து. ஆதலால் விண்ணப்பம் செய்த ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே விசாரித்து, உதவத் தக்கவர், தகாதவர் என்று வகுத்து, நகரத்திலுள்ள பல தர்ம நிதிகளையும் ஒழுங்குபடுத்த முயன்றனர். இம்முறை 1877 இல் அமெரிக்காவின் பவலோ நகரத்துக்கும், 1879 இல் பொஸ்ரன் நகரத்துக்கும் பரவியது. காசு அன்று, நட்பே தேவை என்ற கருத்தைப் பொஸ்ரன் சங்கத்தார் தம் முழக்கமாகவே கொண்டனர். வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் பலர் நட்புமுறை வருகையாளர் என்ற பெயரோடு ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லலாயினர்.

உதவித் தொண்டின் வரலாற்றிலே முதன்முதலாக வெளிப்படையாக எழுதப்பட்ட எல்லைகளுள் ஒன்று இவ்வருகையாளர்களுக்கு விதிக்கப்பட்டது. அவர்கள் தம் கையாலே காசு கொடுக்கலாகாது. இவ்விதியிலே ஓர் உண்மை இருந்தது. காசு கொடுப்பவரும் வாங்குபவரும் நண்பராக இருத்தல் அரிது. கொடுக்கல் வாங்கல் புகுந்த இடத்திலே பேச்சு அதனையே சுற்றி வரும். ஆனால் விதியின் முதன்மையான நோக்கம் ஏழையின் மானத்தைக் காப்பது அன்று. தர்மப் பணம் தகாதவர் கைக்குப் போகாமற் காப்பதே. விசாரணை செய்வதும், அறிக்கை எழுதுவதும், நண்பர் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவரே ஆயினர். எந்த நண்பர் மற்றொருவரின் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சங்கத்துக்கு அறிக்கை எழுதுவார்?

இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் ஜேன் அடம்ஸ். 1889 இல் எலன் கேற்ஸ் ஸ்ரார் என்பவரோடு சேர்ந்து சிக்காகோ நகரின் தொழிலாளர் பகுதியிலே ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தை நிறுவி, அங்கேயே குடியிருந்தவர் அவர். பின்னாளில், 1931 இல், சமாதானத்துக்கான நோபல் பரிசில் பங்குபெற்றவர். தர்ம வருகையாளரின் சங்கடத்தை 1899 இல் வெளியான கட்டுரையிலும், 1902 இல் வெளியான நூலிலும் அவர் விரித்துரைத்தார். ஏழைத் தெருவிலே அயலவர் ஒருவருக்கொருவர் உதவும்போது விசாரணை எதுவும் நடப்பதில்லை. இருப்பதைப் பகிர்ந்து கொள்கின்றனர். அத்தகைய உதவிக்குப் பழகியவரின் கண்ணுக்கு, ஆயிரம் கேள்வி கேட்டு அளந்து கொடுக்கும் வருகையாளர் கருணையின் வடிவமாகத் தோன்றுவதில்லை, கல்நெஞ்சராகவே தோன்றுகிறார். அது மாத்திரமன்று. தாமே உழைத்துச் சம்பாதித்தறியாத ஓர் இளம்பெண், உழைத்து ஓய்ந்த குடும்பத்துக்கு உழைப்பின் பெருமையை உபதேசிக்கும் முரண்பாட்டையும் அடம்ஸ் எடுத்துக்காட்டினார்.

அடம்ஸ் கண்ட வழி, ஏழைகளின் அயலவராகவே வாழ்வது. கோட்டை அழித்துவிட்டால் சிக்கலும் அழியும் என்று தோன்றலாம். ஆனால் அந்த வழிக்கும் ஓர் அளவு இருந்தது. விரும்பிய நாளிலே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நகரம் போகக்கூடியவரும், போவதற்கு வேறு இடமே இல்லாதவரும் ஒரே தெருவிலே வாழ்ந்தாலும் ஒரே நிலையிலே வாழ்பவர் ஆகார். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அன்பினாலே மறைக்கலாம். இல்லாமற் செய்ய முடியாது. வேறுபாடு இருக்கும் வரையிலே, அதனை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் ஒரு முறையும் வேண்டியிருந்தது.

அந்த முறையை ஆக்க முயன்றவர்களுள் பெரியவர் மேரி றிச்மண்ட். தாய் தந்தையரை இழந்து, பால்டிமோர் நகரிலே பாட்டியினதும் சிற்றன்னையரதும் ஆதரவிலே வளர்ந்தவர் அவர். 1889 இல் அந்நகரத்துத் தர்மச் சங்கத்திலே துணைப் பொருளாளராகச் சேர்ந்தார். நல்ல மனம் மாத்திரம் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். தொண்டருக்கென ஒரு பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று 1897 இல் அவர் வாதாடினார். அடுத்த ஆண்டிலேயே நியூயோர்க் தர்மச் சங்கம் கோடைகாலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1917 இல் வெளியான சமூக நோய் நிதானம் பற்றிய அவருடைய பெருநூல், ஒரு குடும்பத்தின் இடர்ப்பாட்டை வைத்தியர் நோயை ஆராய்வது போன்று ஆராயும் முறையை வகுத்துக் கொடுத்தது.

இவ்வாறாக நட்புமுறை வருகையாளர் மறைந்து, பயிற்சி பெற்றுச் சம்பளம் வாங்கும் சமூக சேவையாளர் தோன்றினார். அவருக்குக் காரியாலயம் உண்டு, நேரம் உண்டு, மேற்பார்வை செய்யும் மூத்தவர் உண்டு. தாம் நண்பர் என்று நடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இங்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. உண்மையை அறியவேண்டும் என்ற ஆர்வத்தினால் உறவினரிடமும், முதலாளியிடமும், ஆசிரியரிடமும், வைத்தியரிடமும் தகவல் திரட்டப்பட்டது. குடும்பத்தைப் பற்றிய கோப்பு பருத்தது. அக்கோப்பிலே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அக்குடும்பத்தினர் மாத்திரம் அறியார். சேவையாளரின் சொந்த வாழ்வைச் சுற்றி மதில் எழுந்தது. உதவி பெறுபவரின் வாழ்வைச் சுற்றி ஒரு வேலிதானும் இல்லை. கோடு இருந்தது, ஆனால் அது ஒரு பக்கத்தையே காத்தது.

ஏறத்தாழ அதே காலத்திலே, ஐரோப்பாவின் வியன்னா நகரத்திலே, மனநோய் வைத்தியரான சிக்மண்ட் பிராய்ட் வேறொரு வழியாலே இதே வினாவை வந்தடைந்தார். 1912 முதல் 1915 வரை அவர் எழுதிய கட்டுரைகள், வைத்தியரும் நோயாளியும் சந்திக்கும் நேரம் வரையறுக்கப்பட வேண்டும், கட்டணம் முன்னரே வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும், வைத்தியர் தம் சொந்தக் கதையை நோயாளியிடம் சொல்லலாகாது என்பன போன்ற விதிகளை வகுத்தன. நோயாளி வைத்தியர் மீது காதல் கொள்ளும் நிலையைப் பற்றி 1915 இல் அவர் எழுதியது மிக முக்கியமானது. அக்காதலை வைத்தியர் தம்முடைய தனிப்பட்ட கவர்ச்சிக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணலாகாது. அது சிகிச்சை என்ற நிலைமையினாலே தூண்டப்பட்டது. அதற்கு இணங்குவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்று அவர் விளக்கினார். துணை நாடி வருபவரின் அன்பும் நன்றியும் துணை செய்பவரின் உடைமை அல்ல என்ற உண்மை இங்கே தெளிவான சொற்களைப் பெற்றது.

விதி எழுதுவது வேறு, விதியின்படி நடப்பது வேறு. அதே பிராய்ட், 1918 இல் தம் மகள் ஆனாவைத் தாமே உளப்பகுப்பாய்வு செய்யத் தொடங்கினார். தந்தையிடம் சொல்லக்கூடியதும் வைத்தியரிடம் சொல்லக்கூடியதும் ஒன்றாகுமா என்ற கேள்வி அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. எல்லையின் தேவையை நன்கு உணர்ந்தவரே தமக்கு மிக நெருங்கிய இடத்திலே அதனைக் காணத் தவறக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. தனித்து இயங்குபவருக்குத் தம் கோடு கோணுவது தெரிவதில்லை. பிறிதொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். சமூக சேவையிலே மேற்பார்வை என்ற வழக்கம் நிலைபெற்றதற்கு இதுவே தக்க நியாயம்.

பிராய்டின் கருத்துக்கள் அமெரிக்கச் சமூக சேவையாளரிடையே விரைந்து பரவின. அவற்றோடு ஓர் ஆபத்தும் வந்தது. உணர்ச்சிக்கு இடங்கொடாதிருப்பதே திறமை என்றும், மேசைக்குப் பின்னே அசையாது அமர்ந்திருப்பதே தொழில்முறை என்றும் சிலர் கருதத் தலைப்பட்டனர். அழுதுகொண்டு வந்தவர், தம் கண்ணீரைக் குறிப்பெடுக்கும் ஒருவரைக் கண்டு வாயடைத்துத் திரும்பினார். அளவுகடந்த நெருக்கம் ஒரு தீங்கு என்றால், அளவுகடந்த விலகலும் அதற்குக் குறைந்த தீங்கு அன்று.

இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டியது 1957 இல் வெளிவந்த ஒரு சிறு நூல். சிக்காகோவிலுள்ள லொயோலா பல்கலைக்கழகத்திலே கற்பித்த யேசுசபைக் குருவானவர் பீலிக்ஸ் பீஸ்டெக், சமூக சேவையாளருக்கும் அவரை நாடி வருபவருக்கும் இடையிலான உறவை ஏழு கொள்கைகளாக வகுத்துரைத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராக மதித்தல், அவர் தம் உணர்ச்சியை வெளியிட இடந்தருதல், கட்டுப்பாடுள்ள உணர்ச்சி ஈடுபாடு, உள்ளவாறே ஏற்றுக்கொள்ளல், குற்றந் தீர்க்காதிருத்தல், தம் முடிவைத் தாமே எடுக்கும் உரிமையை ஒப்புக்கொள்ளல், இரகசியம் காத்தல் என்பன அவை.

இவற்றுள் மூன்றாவது கொள்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஈடுபாடு வேண்டாம் என்று பீஸ்டெக் சொல்லவில்லை. தாமரையிலைத் தண்ணீர் போன்று ஒட்டாதிருக்கும்படியும் அவர் கேட்கவில்லை. துன்பத்தை உணரவேண்டும், அதன் பொருளை அறியவேண்டும், அறிந்து தக்கவாறு மறுமொழி தரவேண்டும். ஆனால் அந்த உணர்ச்சி சேவையாளரின் சொந்தத் தேவையாலே நடத்தப்படலாகாது. ஆறாவது கொள்கை அதற்குக் காரணம் காட்டுகிறது. முடிவு எடுக்கவேண்டியவர் வாழ்வுக்கு உரியவரே. பிறருடைய வாழ்வைத் தம்முடையதாக எண்ணத் தொடங்கியவர், எவ்வளவு அன்போடு எண்ணினாலும், அவ்வாழ்வைப் பறித்துக்கொள்கிறார். இவ்விடத்திலே எல்லைக் கோடு புதிய பொருளைப் பெற்றது. அது நாடி வந்தவரைத் தூரத்திலே நிறுத்தும் வேலியாக இருந்த நிலை மாறி, அவருடைய சுதந்திரத்தைச் சுற்றிய வேலியாயிற்று.

அறிஞர்கள் நூலில் எழுதிய இவ்வுண்மையை, இலண்டனிலே சாதாரண மக்கள் தேநீர்க் கோப்பையோடு கண்டறிந்தனர். சாட் வரா என்னும் அங்கிலிக்கன் குருவானவர், 1935 இல் தம் ஊழியத்தின் தொடக்கத்திலே, தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுமியை அடக்கஞ்செய்ய நேர்ந்தது. பூப்பெய்தியதை நோய் என்று அஞ்சிய அப்பிள்ளைக்கு, அது பற்றிக் கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை. அந்த நினைவை மறவாத அவர், 1953 நவெம்பர் 2 ஆந் தேதி இலண்டன் நகரின் புனித ஸ்தேவான் வோல்புரூக் ஆலயத்திலே, சாக எண்ணுபவர் எந்நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். நாளிதழ் ஒன்று இட்ட தலைப்பினால் அதற்குச் சமாரித்தன்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

குருவானவரைக் காண வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். சிறிது காலத்திலே வியப்பான ஒன்றை வரா கவனித்தார். தேநீர் அருந்தியபடி தொண்டரிடம் பேசியவர்களிற் பலர், குருவானவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லையென்று ஆறுதலோடு திரும்பிப் போயினர். 1954 பெப்ரவரியிலே அவர் அழைப்புகளை ஏற்கும் பொறுப்பைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். ஆனால் அத்தொண்டருக்கு எல்லைகள் தெளிவாக வகுக்கப்பட்டன. மதம் போதிக்கலாகாது. இன்னது செய், இன்னது செய்யாதே என்று கட்டளையிடலாகாது. கேட்டதை வெளியே சொல்லலாகாது. தம்முடைய முழுப்பெயரைக் கூறாமல் முதற்பெயரோடு நிற்கவேண்டும். முறைநேரம் முடிந்ததும், கேட்டவற்றின் சுமையை மூத்த தொண்டரிடம் இறக்கிவைத்துவிட்டே வீட்டுக்குச் செல்லவேண்டும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை நட்பைக் குறைக்கும் விதிகளாகத் தோன்றும். உண்மையில், அறியாத ஒருவரிடம் அச்சமின்றிப் பேசுவதற்கு வழி திறந்தவை இவ்விதிகளே.

எல்லை துணை செய்பவரையும் காக்கிறது என்பது சிறிது காலஞ்சென்று தெளிவாயிற்று. நியூயோர்க் நகரிலே இலவச சிகிச்சை நிலையம் ஒன்றிலே பணிபுரிந்த உளவியலறிஞர் ஹேர்பேர்ட் புரொய்டன்பேகர், பகல் முழுவதும் தம் தொழிலைச் செய்தபின் இரவிலும் அங்கு உழைத்தார். ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில மாதங்களிலே களைத்து, எரிந்து, கசந்து போவதை அவர் கண்டார், தம்மிடத்திலும் கண்டார். 1974 இல் அவர் எழுதிய கட்டுரை, எரிந்துபோதல் என்ற நிலையை உளவியலார் ஆராயும் பொருளாக்கியது. மிகுந்த ஈடுபாடு உள்ளவரே முதலில் எரிகிறார் என்பது அவர் கண்ட உண்மை. எந்த அழைப்புக்கும் மறுப்புச் சொல்லாதவர், ஒரு நாள் எந்த அழைப்பையும் கேட்க இயலாதவராகிறார். அந்த நாளிலே கைவிடப்படுபவர் அவரை நம்பியிருந்தவரே.

அமெரிக்கச் சமூக சேவையாளர் சங்கம் 1960 இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை ஒரு பக்க அளவினது. 1996 இல் அது விரிவாகத் திருத்தப்பட்டபோது இரட்டை உறவு பற்றிய விதிகள் அதிலே இடம்பெற்றன. நாடி வருபவரோடு வேறு கொடுக்கல் வாங்கலோ, தனிப்பட்ட உறவோ அவருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய இடத்திலே அதனைத் தவிர்க்க வேண்டும் என்றும், தவிர்க்க இயலாதவிடத்து அந்தந்தப் பண்பாட்டுக்கு இசைவான தெளிந்த எல்லையை வகுப்பது சேவையாளரின் பொறுப்பே என்றும் அக்கோவை கூறுகிறது. பொறுப்பு நாடி வருபவருடையது அன்று என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. இடரிலே உதவும் நண்பன் என்ற பொருளுடைய பெயரைத் தாங்கிய சங்கமொன்று கொழும்பிலே 1831 இல் நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்திலும் அதே பெயருடைய சங்கம் வைத்தியசாலை ஒன்றை நடத்தியது. சமூக சேவைக்கான பயிற்சி நிலையம் 1952 இல் கொழும்பிலே தோன்றியது. 1974 இல் ஜோன் டி மெல் அம்மையார், இலண்டன் இயக்கத்தின் வழியிலே, நன்னண்பர் என்று பொருள்படும் சுமித்ரயோ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதன் தேவை எத்தகையது என்பதைக் காலம் காட்டியது. 1995 அளவிலே இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அக்காலத்திலே தற்கொலைக்கு முயல்வது தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. 1998 இலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. குற்றவாளியாகிவிடுவோம் என்று அஞ்சியவருக்கு, இரகசியம் காக்கும் செவி ஒன்று எவ்வளவு அரியதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெடுங்காலப் போரும், 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி வந்த கடற்பெருக்கும் வடக்கிலும் கிழக்கிலும் உளவளத்துணை என்ற சொல்லை ஊர்ப் பேச்சிலே சேர்த்தன. ஆசிரியர்களும், தாதியரும், இளம் பட்டதாரிகளும் துணையாளராகப் பயிற்சி பெற்றனர். அவர்களுட் பலர் தாமும் வீட்டையோ உறவையோ இழந்தவர்கள். இலண்டனிலும் சிக்காகோவிலும் எழுதப்பட்ட விதிகள் ஒருவரையொருவர் அறியாதோர் வாழும் பெருநகரத்தை மனத்திலே கொண்டவை. ஒரே கிணற்றிலே நீர் அள்ளும் ஊருக்கு அவை அப்படியே பொருந்துமா? இங்கே துணை நாடி வருபவர் துணையாளரை அக்கா என்றோ தம்பி என்றோ அழைக்கிறார். தேநீர் அருந்தாமல் எழுந்தால் மனம் நோகிறார். முற்றத்து முருங்கைக்காயைக் கட்டிக் கொடுக்கிறார். மகளின் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்கிறார்.

இவற்றை மறுப்பதே எல்லை என்று எண்ணுபவர் எல்லையின் பொருளை உணராதவர். அக்கா என்ற அழைப்பை ஏற்கலாம். ஆனால் அக்கா என்ற உரிமையிலே, கணவனை விட்டுவிடு என்றோ, பொறுத்துக்கொண்டு இரு என்றோ கட்டளையிடலாகாது. தேநீரை அருந்தலாம், ஆனால் அங்கே கேட்டதை அடுத்த வீட்டுத் தேநீரோடு பகிரலாகாது. முருங்கைக்காயை வாங்கலாம், ஆனால் கொடுக்க எதுவும் இல்லாத வீட்டுக்கும் அதே நேரம், அதே பொறுமை. கைம்மாற்றாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது. கடன்பட்டவர் அடுத்த கிழமை வராமல் நின்றுவிடுவார். துணையாளரின் சொந்த உறவினரே வந்தால், அவரை வேறொரு துணையாளரிடம் அனுப்புவதே நேர்மை. சந்திக்கும் நேரம் எது, இரவிலே ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்பவற்றை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று அறிந்தால் இரகசியம் காக்க முடியாத நிலை வரலாம் என்பதையும் அன்றே கூறவேண்டும். முன்னரே சொல்லப்பட்ட எல்லை மரியாதையாக ஏற்கப்படுகிறது. சலிப்படைந்த நாளிலே திடீரென்று வரையப்பட்ட எல்லை, மூடப்பட்ட கதவாகவே மனத்திலே தைக்கிறது.

வாடகைப் புத்தகத்தோடு வந்த நட்பு, அறிக்கை எழுதிய நட்பு, கோப்புக்குப் பின்னே மறைந்த திறமை, தேநீரோடு உடனிருந்த செவி என்று இவ்வரலாறு பல படிகளைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு படியிலும் நல்லெண்ணம் இருந்தது; தீங்கு நேர்ந்த இடங்களிலும் நல்லெண்ணம் இருந்தது. ஆகவே ஓர் எல்லை சரியானதா என்று அறிவதற்கு, அதை வரைந்தவரின் மனம் எவ்வளவு நல்லது என்று கேட்பது பயன் தராது. அது யாரைக் காக்கிறது என்றே கேட்கவேண்டும். துணை நாடி வந்தவர் தம் கதையைத் தம்முடையதாகவே வைத்துக்கொண்டு, தம் முடிவைத் தாமே எடுத்து, ஒரு நாள் இனித் துணை வேண்டாம் என்று சொல்லிச் செல்லக்கூடியவராக இருப்பாராயின், அக்கோடு சரியான இடத்திலே வரையப்பட்டிருக்கிறது.